புகைக்காதவர் பட்டியலின் முதற்பெயர்

பெருமதிப்புக்குரிய கோப்பாய் வாழ் பொதுமக்களுக்கும், அயற்கிராமத்துக் குடிமக்களுக்கும், கடல் கடந்து வாழும் எம் உறவுகளுக்கும், இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறையினருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: ஓய்வுபெற்ற அதிபரும், சமாதான நீதவானும், சனசமூக நிலையத் தலைவரும், கோயில் பரிபாலனசபைச் செயலாளரும், போதையொழிப்புக் குழுவின் ஆயுட்காலத் தலைவருமாகிய திருவாளர் சின்னையா தம்பிராசா அவர்கள், வைகாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், இராகுகாலம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில், ஒரு மட்டைக் குழாயில் வாயை வைத்து ஊதினார்.

ஊதினார் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அந்த நிகழ்வுக்குச் செய்யும் துரோகம். அதற்கு முன் நிறைகுடம் வைக்கப்பட்டது. குத்துவிளக்கின் ஐந்து திரிகளையும் ஐந்து பிரமுகர்கள் ஏற்றவேண்டும். நான்காவது பிரமுகர் வராதபடியால் அந்தத் திரியையும் தம்பிராசாவே ஏற்றினார். தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை. தலைமையுரை முப்பத்தைந்து நிமிடம். இவ்வளவு மூச்சுள்ள மனிசனைப் பரிசோதிக்கத்தான் வேண்டுமோ என்று முன்வரிசையில் ஒருவர் மற்றவரிடம் கேட்டார். அவர் மகிழ்ச்சியில் கேட்டாரா, களைப்பில் கேட்டாரா தெரியவில்லை.

மண்டபத்தின் கடைசியில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற ஞானாம்பிகை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிராசாவுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்துநாலு வருசம். விழாக்களில் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் எப்போதும் தட்டத்துக்குப் பின்னால்தான்.

விசயம் என்னவென்றால், பட்டணத்திலிருந்து நிவேதனா என்ற இளம் வைத்தியர் ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். இருமல் இல்லாத, சளி இல்லாத, படியேற மூச்சு வாங்காத, தனக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லுகிற ஆட்கள்தான் அவளுக்கு வேண்டும். அவர்களில் நாற்பது பேர் புகைக்கிறவர்கள், நாற்பது பேர் வாழ்நாளில் புகைக்காதவர்கள். இரண்டு பகுதியையும் மூச்சளக்கும் கருவியின் குழாயில் ஊதவைத்து, இருமல் வரமுன்னமே புகை நுரையீரலைத் தின்னத் தொடங்கிவிடுகிறதா என்று பார்ப்பது அவளுடைய நோக்கம்.

பெயர் சேர்த்துத் தரும் பொறுப்பை அதிபர் ஏற்றார். புகைக்காதவர் பட்டியல் அரை மணித்தியாலத்தில் நிரம்பி வழிந்தது. புகைக்கிறவர் பட்டியலுக்கு ஊரில் ஒரு சீவன் இல்லை. ஐம்பது வயது ஆண்களே தம்பிராசாவின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் சிகரெட்டைக் காலுக்குக் கீழே போடுகிற ஊர் அது. அவர்களில் பாதிப் பேர் அவருடைய பிரம்பு வாங்கியவர்கள். கடைசியில் வைத்தியரே கள்ளுத் தவறணைப் பக்கம் ஆளனுப்பி, பெயரைக் கேட்கமாட்டோம் இலக்கம் மட்டும் போடுவோம் என்று சத்தியம் பண்ணித்தான் நாற்பது பேரைச் சேர்த்தாள். எண்பது பேரும் ஆண்கள். பெண்கள் இல்லையா என்று கேட்டதற்கு, அவர்கள் தேத்தண்ணி பார்க்கிறார்கள் என்று தலைவர் பதில் சொன்னார்.

புகைக்காதவர் பட்டியலின் முதற்பெயர் தம்பிராசா. படிவம் நிரப்பிய தாதிப்பிள்ளை, கேட்கவேண்டிய முறைக்கு, எப்போதாவது புகைத்ததுண்டா என்று அவரையும் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். சபை சிரித்தது. தட்டம் மட்டும் சிரிக்கவில்லை; அதிலிருந்த இரண்டு கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல முட்டிக்கொண்டன.

அந்தக் கோப்பைகளுக்குத் தெரிந்தது சபைக்குத் தெரியாது.

தம்பிராசா வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கும் வாழைகளுக்கும் நடுவே, ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில் இருந்தது. மூன்று பக்கம் திறந்தது. காற்று அடுப்பை அணைக்காமல் இருக்க மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தகரம். அதற்குள் விறகடுப்பில் பெரிய இரும்புத் தாச்சி வைத்து, பதினாலு வருசமாக ஞானாம்பிகை கறித்தூள் வறுத்தாள். மல்லி தனி, மிளகாய் தனி, பெருஞ்சீரகமும் மிளகும் பிறகு, வெந்தயம் கடைசியில், அதுவும் தாச்சி சூடு ஆறத் தொடங்கும்போது. உதவிக்குக் கொக்குவிலிலிருந்து அற்புதராணி சைக்கிளில் வருவாள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களின் சூட்கேசுகளில் அந்தத் தூளுக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் உடுப்புக்கு இடம். ஊரில் அவளை எல்லோரும் அதிபரின் மனிசி என்பார்கள். தூள் பைக்கு மட்டும்தான் ஞானம் அன்ரியின் தூள் என்று பெயர். அவளுடைய பெயர் வேறு எங்கும் எழுதப்பட்டதில்லை, கலியாணக் கடதாசியைத் தவிர.

மற்ற வீட்டு ஆண்கள் மனைவி தொழில் செய்வதை மதிப்புக்குறைவென்று நினைத்தபோது, "ஞானம், நீர் வறும்" என்று முதலில் சொன்னவர் தம்பிராசாதான். கிடுகு கட்டியவரும் அவர், தகரம் அடித்தவரும் அவர். அந்த ஆதரவை நினைத்து அவள் கண்கலங்கிய நாட்களும் உண்டு. பிறகு ஒருநாள் தகரத்துக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனவள், சிரட்டை நிறையச் சிகரெட் கட்டைகளைக் கண்டாள். கண்கலக்கம் அன்றோடு நின்றது. மிளகாய் தாச்சியில் விழுந்து கார்ப்பு எழும்புகிறபோது உலகத்தில் வேறெந்தப் புகைக்கும் மணமில்லை. மனிசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்துக்குப் பின்னால் போவார்; இரண்டு சிகரெட் முடித்து, இரண்டு கராம்பு வாயில் போட்டுக்கொண்டு, சமூகத்துக்குத் திரும்புவார். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அற்புதராணிக்கும் தெரியும். அவளும் மூச்சுவிடவில்லை.

பரிசோதனை முடிந்து பத்து நாளில் முடிவைக் கொண்டு நிவேதனா தானே வீட்டுக்கு வந்தாள். மற்றவர்களுக்குக் கடிதம்தான். இவருக்குக் கடிதம் போட அவளுக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் அவளுக்குச் சுவாசத்தொகுதியைக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிப் படிப்பித்தவரே இவர்தான். கதிரையின் நுனியில் இருந்து, அறிக்கைக் கோவையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"சேர், கொஞ்சம் குறைவாக் கிடக்கு."

குறைவு என்றால், முதல் செக்கனுக்குள் வெளியே வரவேண்டிய காற்றில் நூற்றுக்கு அறுபத்துநாலுதான் வந்திருக்கிறது. மூன்று தரம் ஊதியதில் மிக நல்லதை எடுத்தும் அவ்வளவுதான். வயது அறுபத்தொன்று, ஆனால் எழுபத்தெட்டு வயது மனிசன் ஊதுகிற மாதிரி ஊதியிருக்கிறார் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உள்ளேயிருந்து ஞானாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள். தன் புருசனுக்குள்ளே அவரைவிடப் பதினேழு வயது மூத்த ஒருவர் குடியிருக்கிறார் என்பது லேசான செய்தியல்ல.

தம்பிராசா தனக்கு இருமல் இல்லையென்றார். சளி இல்லை, மூச்சு வாங்கவில்லை, முப்பத்தைந்து நிமிடம் பேசியதை வைத்தியரே பார்த்தவர்தானே என்றார்.

"ஓம் சேர். ஒரு குறியும் காட்டாதுதான். இருமல் வந்து சொல்லுறதுக்கிடையிலை கனக்கப் போயிடும். புகைக்கிற ஆக்களிலை நான் இதைக் காண்றன். ஆனா நீங்கள்..." அவள் நிறுத்தினாள். முந்தி எப்பவாவது, என்று தொடங்கி அதையும் நிறுத்தினாள். உண்மையைச் சொல்லக் கதவு நன்றாகத் திறந்துதான் இருந்தது. உள்ளே போகவேண்டியவர் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் அற்புதராணி போட்ட மிளகாய் தாச்சியில் விழுந்தது. நிவேதனா தும்மினாள். இது என்ன புகை, இது ஒவ்வொரு நாளும் இருக்குமா என்று கேட்டாள். ஆராய்ச்சிக்காரி கேட்கவேண்டிய கேள்விதான்.

தம்பிராசா நிமிர்ந்து இருந்தார். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்ட நீதவானின் சாந்தம் முகத்தில் வந்தது. பதினாலு வருசம், பிள்ளை, என்றார். காலையும் பின்னேரமும், என்றார். சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன், மனிசி கேக்கிறாளில்லை, என்றார்.

அன்று பின்னேரம் வைத்தியர் போன பிறகு ஞானாம்பிகை கை கழுவிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள். வழக்கமாக அவள் அப்படி நிற்பதில்லை.

"இஞ்சருங்கோ. ஒருக்கால் அந்தப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லிவிடுங்கோ."

"என்னத்தை?"

"தகரத்துக்குப் பின்னாலை நிண்டு சிகரெட் பத்துறதை."

அவர் பேப்பரை மடித்தார். இரண்டு பேரும் அதை வாயால் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தரம். முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றவன் நான், என்று தொடங்கினார். சிகரெட் மணத்த எத்தனை பெடியன்களின் கை அந்தப் பிரம்பால் வீங்கினது தெரியுமோ என்று கேட்டார்.

"உங்கடை கையும்தான் மணக்குது. எனக்குக் கொட்டில் வேணும். உங்களுக்கு நெஞ்சு வேணும். ரெண்டுக்கும் ஒரு சொல்லுத்தான்."

"நாளைக்கு ரோட்டாலை போகேக்கை உவங்கள் என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள், ஞானம்."

"சிரிக்கட்டுமே."

"நீர் அதிபராயிருந்து பாரும்," என்று சொல்லி எழும்பினார் தம்பிராசா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அவருடைய குரலில் உண்மையாகவே பயம் இருந்ததை அவள் கவனித்தாள். எழுபத்தெட்டு வயது நுரையீரலைக் கேட்டபோது அந்தப் பயம் வரவில்லை.

அடுத்த கிழமை சனசமூக நிலையத்தில் அவசரக் கூட்டம். தலைவர் தம் சொந்த உடலில் விஞ்ஞானம் கண்டுபிடித்த கொடுமையைச் சபைக்கு எடுத்துரைத்தார். சிகரெட்டே தொடாத ஒருவனின் நுரையீரலை அடுப்பு இப்படிச் செய்யுமென்றால் எங்கள் தாய்மாரின் கதி என்ன என்று கேட்டபோது சபையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தாய்மார் அன்றும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாற்றம் தன் வீட்டிலிருந்தே தொடங்கும் என்று அவர் அறிவித்தார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

முகூர்த்தம் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை கொட்டிலுக்கு முன்னால் துணிப் பதாகை கட்டினார்கள்: 'புகையற்ற முன்மாதிரி இல்லம்'. ஐயர் வந்து சாம்பிராணி போட்டார். வளவு முழுவதும் புகை மண்டியது. கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். தம்பிராசா வேட்டி சால்வையோடு இரும்பு அலவாங்கைத் தூக்கி அடுப்பின் முதற்கல்லில் ஒரு குத்துக் குத்தினார்; படம் சரியாக வரவில்லையென்று இன்னொரு குத்து. மிச்சத்தைக் கூலியாட்கள் இரண்டு பேர் ஒரு மணித்தியாலத்தில் முடித்தார்கள். மனைவியும் பக்கத்தில் நிற்கவேண்டுமென்று படக்காரர் கூப்பிட்டார். ஞானாம்பிகை போய் நின்றாள். ஓலையை இழுத்தபோது கிடுகுக்குள் பதினாலு வருசமாக ஏறியிருந்த வறுத்த மல்லி மணம் ஒருதரம் எழும்பி, சாம்பிராணிக்குள் அமிழ்ந்துபோனது. தகரத்தைத் தூக்கியபோது கீழே கிடந்த சிரட்டையை முதலில் கண்டது அற்புதராணி. சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுபோய் வாழைக்குள் எறிந்தாள். அந்தக் குடும்பத்தின் மானத்தை அன்று காப்பாற்றியது அவள்தான். அவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

குசினிக்குள் காஸ் அடுப்பு வந்தது. சின்ன நெருப்பு, பெரிய தாச்சி. நடுவில் கருகும், விளிம்பில் பச்சையாகக் கிடக்கும். யன்னலைத் திறந்துவைத்து இரண்டு தரம் வறுத்துப் பார்த்தாள். கார்ப்பு வெளியே போக வழியில்லாமல் வீட்டைச் சுற்றியது. தம்பிராசா விறாந்தையில் இருந்து தும்மித் தும்மி, முன்மாதிரி இல்லத்தில் இது நடக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். ரொறன்ரோவுக்குப் போன ஒரு பைக்கு, கருகல் கசக்கிறதென்று தொலைபேசியில் முறைப்பாடு வந்தது. ஞானம் அன்ரிக்கு வயது போயிற்று என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். மூன்றாம் கிழமை அற்புதராணி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு தொழில் தெரியாது அக்கா, பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டு வளவில் ஒரு கொட்டில் போடலாமென்று யோசிக்கிறேன் என்றாள். ஞானாம்பிகை உள்ளே போய், தாச்சியையும் நீளக் கரண்டியையும் கொண்டுவந்து வெளியே வைத்தாள்.

"வெந்தயத்தைக் கடைசியிலை போடு. அவசரப்படாதை," என்றாள்.

இனி வருவது விஞ்ஞானம். கொட்டில் இடித்து ஆறு கிழமையில் நிவேதனா மறுபடி வந்தாள். இந்த முறை கையில் இன்னொரு சின்னக் கருவி. மூச்சைப் பிடித்து ஊதினால், வெளிவரும் காற்றில் புகையின் நஞ்சு எவ்வளவு என்று இலக்கத்தில் காட்டும். முதலில் ஞானாம்பிகையை ஊதச் சொன்னாள். அன்று விட்டுப்போன பெண்களையும் இப்போது சேர்க்கிறேன் என்று விளக்கம் சொன்னாள். சின்னக் கருவி இரண்டு காட்டியது. மட்டைக் குழாயிலும் ஊதவைத்துப் பார்த்துவிட்டு, வயதுக்குச் சரியான காற்று, ஒரு குறையுமில்லை என்றாள். விறகுப் புகையும் கூடாததுதான், ஆனால் மூன்று பக்கமும் காற்றோடுகிற இடமென்றபடியால் தப்பியிருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

பிறகு தம்பிராசா ஊதினார். இலக்கம் ஏறியது. பத்தில் நிற்கவில்லை, பதினைந்தில் நிற்கவில்லை. இருபத்துமூன்றில் போய் நின்றது.

மூன்று பேரும் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்புப் புகை உடம்பிலை ஊறிப்போச்சு, பிள்ளை," என்றார் தம்பிராசா.

"இது இண்டையான் புகையை மட்டும்தான் காட்டும் சேர். ஒரு நாளிலை போயிடும்." நிவேதனா கருவியைப் பார்த்தபடியே சொன்னாள். "அடுப்பு இடிச்சு ஆறு கிழமை."

அவர் கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எந்த நாட்டில் செய்தது என்று கேட்டார். பதில் வரமுன்னமே, காலையில் பஸ்ஸுக்குப் பின்னால் வந்ததாகவும், அந்த பஸ் விட்ட புகையைப்பற்றிப் போக்குவரத்துச் சபைக்கு ஒரு கடிதம் எழுதவேண்டுமென்றும் சொன்னார். சொல்லும்போது கராம்பு மணந்தது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைபோல நிவேதனா கோவையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைத்தியராகி ஆறு வருசம், ஆராய்ச்சிக்காரியாகி இரண்டு வருசம். தன் அதிபரைப் பார்த்து நீங்கள் சொல்வது பொய் என்று சொல்ல அவள் இன்னும் எந்தச் சோதனையிலும் பாஸாகவில்லை.

தெருப் படலைவரை ஞானாம்பிகை கூடப் போனாள்.

"அன்ரி, சேரின்ரை பேரைப் புகைக்காத ஆக்களிலையிருந்து எடுக்கிறன். மற்றதிலையும் போடேலாது. அவர் சொல்லேல்லை."

"அப்ப எங்கை போடுவீர்?"

"எங்கையும் இல்லை."

சைக்கிள் ஒன்று மணியடித்துப் போனது. நிறுத்தினால் இப்பவும் பலன் இருக்கிறது, இன்னும் இறங்காமல் பிடிக்கலாம், எப்படியாவது சொல்லுங்கோ என்று நிவேதனா கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். பிறகு, குரல் இறங்கி, "நான் கேள்விதான் கேட்டனான் அன்ரி. இடிக்கச் சொல்லேல்லை," என்றாள்.

"ஓம், பிள்ளை. நீர் கேட்டீர். அவர் இடிச்சார். நான் பக்கத்திலை படத்துக்கு நிண்டன்."

நிவேதனாவின் ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்தது. குறியொன்றும் இல்லாமல் புகைத்துத் திரிந்தவர்களின் காற்று, புகைக்காதவர்களின் காற்றைவிடக் குறைவு என்று தெளிவாகவே வந்தது. நிறைவு விழாவில் அதற்கு ஒத்துழைத்த தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தனக்கு இந்த வயதிலும் ஒரு இருமல் கிடையாது என்று அவர் ஏற்புரையில் குறிப்பிட்டார். முன்மாதிரி இல்லத்தின் படம் பெரிதாக்கப்பட்டு வாசிகசாலைச் சுவரில் தொங்குகிறது. ஞானாம்பிகையின் முகத்தில் அலவாங்கின் நிழல் விழுந்ததால் அவள் இன்னாரென்று மட்டுக்கட்டுவது கஷ்டம்.

கொட்டில் போன பிறகு மனிசன் பட்ட பாடு தனிக்கதை. கோயில் மதிலடியில் ஆட்கள், வாசிகசாலைக் கழிவறையில் யன்னல் இல்லை, தோட்டப்பக்கம் போனால் தூரத்திலேயே வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பின்னேரம் முற்றத்தில் நின்று, வெறுமையான இடத்தைப் பார்த்து, சின்னதாக ஒரு கொட்டில், பக்கவாட்டில், ஆட்களுக்குத் தெரியாமல் போட்டால் என்ன என்று கேட்டார். அவர் கேட்டது அவளுக்காகத்தான் என்று அவள் நம்பக்கூடிய மாதிரிக் குரலைக் கனிவாக வைத்திருந்தார்.

"தாச்சி இல்லை," என்றாள் ஞானாம்பிகை.

இப்போது அவர் காலை ஒன்பது மணிக்கு மோட்டார்சைக்கிளில் கொக்குவிலுக்குப் போகிறார். அங்கே ஒரு நூலகத்துக்கு ஆலோசனை சொல்லவாம். அற்புதராணிதான் ஒருநாள் தொலைபேசியில், சொல்லலாமோ விடலாமோ என்று இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அக்கா, மாஸ்ரர் எங்கடை கொட்டிலுக்கு மேற்குப் பக்கமாத் தகரம் ஒண்டு அடிச்சுத் தந்தவர். காத்துக்கு நல்லதாம்."

ஞானாம்பிகை ஓம் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

போய்வந்ததற்குச் சாட்சியாக அவர் திரும்பும்போது ஒரு பை தூள் வாங்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டில் இப்போது கறிக்குப் போடுவது அதுதான். உறைப்புக் காணாது.